கிளீனிங் செய்தேன், ஆழம் பார்க்கவில்லை

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மலேசியாவின் பினாங்கில் பல் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். காவடி எடுப்பவர்கள் விரதத்தில் இருப்பார்கள்; வீட்டில் மற்றவர்கள் தண்ணீர்மலையில் எடுக்கப்போகும் ஃபோட்டோவுக்குத் தயாராவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், ஒரு கிளீனிங்."

சென்ற ஆண்டு அப்படிக் கேட்ட ஒருவரைப் பற்றியது இந்தக் குறிப்பு. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாய்க்குள் எடுத்த அளவுகளை மாற்றவில்லை.

வந்தவர்

அவர் தனக்காக வரவில்லை. 13 வயது மகளுக்குக் கிளிப் போடலாமா என்று கேட்க மனைவியோடு வந்தார். மகளைப் பார்த்து முடித்ததும், "அப்படியே எனக்கும் ஒரு கிளீனிங் பண்ணி விட்டுடுங்க டாக்டர். ஏழு மணிக்கு ஷிப்டு, அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்றார்.

வயது 47. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன். 12 மணி நேர ஷிப்டு, பகலும் இரவும் மாறி மாறி வரும். நான்கு வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்), மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.6. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட், 25 வருடப் பழக்கம். இனிப்புநீர் சிகிச்சைக்குப் போகும் இடத்தில் கண், கால், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். பல்லைக் காட்டவும் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு அவருடைய பர்ஸில் மடித்தபடியே இருந்தது. "வலிக்கலையே டாக்டர், எதுக்குப் போகணும்?"

வலி இல்லை, ரத்தமும் வருவதில்லை என்றார். ஒரே ஒரு குறை: மேலே முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து விழுந்திருக்கிறது, அதில் இறைச்சி நார் மாட்டிக்கொள்கிறது. பல்குச்சி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். "வயசானா இப்படித்தானே?"

"எப்போலேர்ந்து அண்ணே?" என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் மனைவிதான் கைப்பேசியில் தேடி ஒரு படத்தைக் காட்டினார். 2003-ல் எடுத்த கல்யாண ஃபோட்டோ. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பல் தெரியச் சிரிக்கிறார். முன்பற்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் நூல் நுழையாது.

வயதானால் பல்லுக்கு நடுவில் தானாகச் சந்து விழும் என்பது பலருடைய நம்பிக்கை. ஆனால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்தால்தான், நாக்கின் தள்ளலும் கடியின் அழுத்தமும் சேர்ந்து முன்பற்களை விசிறிபோல வெளியே விரிக்கும். அந்த ஃபோட்டோவைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிளீனிங் கருவியை எடுக்கவில்லை.

168 இடங்கள்

வெளிப்பார்வைக்கு வாய் மோசமில்லை. ஈறு வெளிர் இளஞ்சிவப்பில், இறுக்கமாக இருந்தது. மேலே தெரிகிற காரையும் அதிகமில்லை. எட்டு மாதத்துக்கு முன் வேறொரு கிளினிக்கில் சலுகை விலையில் ஸ்கேலிங், அதாவது கிளீனிங், செய்துகொண்டாராம். சொத்தை அடைத்த பற்கள் இரண்டே இரண்டு. 1972-லேயே குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை நாடு முழுவதற்குமான கொள்கையாக ஏற்ற நாடு இது. அவர் வயதுக்காரர்களில் சொத்தை அதிகமில்லாதவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல விஷயம்தான். ஆனால் சொத்தை இல்லாதவர்கள் தங்கள் பல் இரும்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு சிறிய பள்ளம் உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கோடு போட்ட மெல்லிய அளவுகோல் குச்சி ஒன்றை அதற்குள் மெதுவாக விட்டு, ஒரு பல்லுக்கு ஆறு இடம் வீதம் அளப்போம். 4 மில்லிமீட்டரைத் தொட்டால் அது பள்ளம் என்ற நிலையிலிருந்து பை என்ற நிலைக்குப் போய்விடுகிறது. பிரஷ்ஷின் நார் ஈறுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. ஆகவே பைக்குள் இருக்கும் கிருமிப் படலத்தை வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் எடுக்க முடியாது. அந்தப் படலம் சில நாட்களிலேயே உப்பேறிக் கெட்டியாகத் தொடங்கும். அதைத்தான் காரை என்கிறோம்.

அவருக்கு 28 பற்கள். ஞானப்பல் மூன்றை முன்பே எடுத்தாயிற்று. கீழ் இடது முதல் கடைவாய்ப்பல் ஆடியதால் 33 வயதில் எடுத்தது. 28 பல் என்றால் 168 இடம். நான் எண்களைச் சொல்லச் சொல்ல நர்ஸ் குறித்துக்கொண்டே வந்தார். மூன்று, ஐந்து, ஆறு, நான்கு, ஏழு, ஆறு. நடுவில் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன டாக்டர், நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற மாதிரி சொல்லிக்கிட்டே போறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது சிரிக்க ஒன்றுமில்லை. 71 இடங்களில் 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. அவற்றில் 26 இடங்களில் 6-ம் அதற்கு மேலும். மேல் வலது முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் 9. அந்தப் பல் விரலால் தொட்டாலே அசைந்தது. முன்பற்கள் இரண்டும் லேசாக ஆடின.

எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பக்கம் வேரின் பாதி உயரத்துக்கு எலும்பு இறங்கியிருந்தது. ஈறுநோய்க்கு இப்போது உலகம் முழுக்கப் பின்பற்றும் வகைப்பாடு 2018-ல் வெளியானது. அதில் நோய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை நிலை உண்டு. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு ஏ, பி, சி என்று தரம் உண்டு. முன்பற்கள் விரிந்து இடம் மாறியதால் இவர் நிலை 4. கரைந்த எலும்பின் சதவீதத்தை வயதால் வகுத்தால் வருவது 1-க்கு மேல் இருந்தால் தரம் சி. 50-ஐ 47-ஆல் வகுத்துப் பாருங்கள். ஹெச்பிஏ1சி 7-ம் அதற்கு மேலும் இருந்தாலும், ஒரு நாளைக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தாலும் தரம் சி-தான். மூன்று வழியாகவும் அவர் அங்கேதான் போய் நின்றார்.

இவ்வளவு இருந்தும் ரத்தம் ஏன் வரவில்லை? சிகரெட்டுதான் காரணம். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக்கசிவு குறைந்துவிடும், வீக்கமும் சிவப்பும்கூட வெளியே அவ்வளவாகத் தெரியாது. நோய் உள்ளே வேலை செய்யும், அடையாளம் வெளியே வராது. வலியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஈறுநோய் முற்றிக் கட்டி வைக்கும்வரை பெரும்பாலும் வலிக்காது. சொத்தைகூட அப்படித்தான், பல்லின் மேல் எனாமலில் நரம்பே கிடையாது, குழி உள்ளே இறங்கிய பிறகுதான் கூச்சம், அதற்கும் பிறகுதான் வலி. "வலிக்கலையே" என்று ஒருவர் சொல்வதை நம்பி நானே இப்போது எதையும் முடிவு செய்வதில்லை.

கோப்பில் இருந்த ஒரு வரி

இதுவரை படித்தவர்கள், ஒழுங்காகப் பல் டாக்டரிடம் போகாத ஒருவருடைய கதை என்று நினைத்திருப்பீர்கள். நானும் அன்று மாலை ஐந்தரை மணி வரை அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் நர்ஸ் அவருடைய அடையாள அட்டை எண்ணைக் கணினியில் போட்டதும் பழைய கோப்பு ஒன்று வந்தது. மூன்று வருடத்துக்கு முன், இதே போலத் தைப்பூச வாரத்தில், இதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். குறிப்பு எழுதியவள் நான். ஒரே வரி: "ஸ்கேலிங் செய்யப்பட்டது. ஈறு பரவாயில்லை."

ஈறு பரவாயில்லை என்று எதை வைத்து எழுதினேன்? ரத்தம் வரவில்லை, நிறம் நன்றாக இருந்தது, வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அளவுகோல் குச்சி தட்டிலேயே இருந்திருக்கும், எடுத்திருக்க மாட்டேன். எடுத்திருந்தால் எழுதியிருப்பேன். புகைக்கிறாரா என்று கேட்டதற்கும் அடையாளம் இல்லை. அவர் கேட்டது கிளீனிங், நான் கொடுத்ததும் கிளீனிங். அதற்கு 120 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியிருக்கிறேன்.

இதை அவரிடம் மறைக்க எனக்கு மனமில்லை. திரையைத் திருப்பிக் காட்டிச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க ஃபேக்டரியில ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கார்டு தொங்கும் டாக்டர். மாசாமாசம் பார்க்கணும். 'ஓகே'ன்னு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டா சூப்பர்வைசர் விடமாட்டாரு. ரீடிங் எங்கேன்னு கேப்பாரு" என்றார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. தனக்குத் தெரிந்த வேலையைச் சொன்னார். என் படிப்புக் காலத்தில் யாரும் இதை இவ்வளவு நறுக்கென்று சொன்னதில்லை.

அவருடைய வாய்க்கு ரீடிங் இருந்த காலம் ஒன்று உண்டு. தமிழ்ப் பள்ளியில் படித்தபோது பல் நர்ஸுகள் பெட்டி படுக்கையோடு வந்து, வகுப்பு வகுப்பாகக் கூப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டையில் பல்பல்லாகக் குறிப்பார்கள். அந்த நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளி 1949-ல் தொடங்கியது இதே பினாங்கில்தான். நியூசிலாந்து முறையைப் பார்த்து அமைத்தது. அவருக்கு அந்தப் பல் குடையும் மிஷினின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நாற்காலி போட்ட அறைக்கு வெளியே வரிசையில் நின்று அழுத பையன்களையும் மறக்கவில்லை. இடைநிலைப் பள்ளி முடிந்தது, அட்டையும் முடிந்தது. 17 வயதுக்கும் 47 வயதுக்கும் நடுவே, முப்பது வருடத்துக்கு, அவருடைய பல்லைப் பற்றி எங்கும் ஓர் எண் இல்லை. கல்யாண ஃபோட்டோ ஒன்று. என் ஒரு வரி ஒன்று. மூன்று இடங்களில் ஸ்கேலிங் செய்திருக்கிறார். எவரும் ஆழம் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

அதே முப்பது வருடத்தை வேறு மாதிரிக் கழித்தவர்களும் இருக்கிறார்கள். சுவீடனில் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு குழுவைச் சேர்த்து, அளந்து, பிரஷ் செய்யக் கற்றுக்கொடுத்து, ஒவ்வொருவருடைய தேவைக்கேற்ப இடைவெளி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 30 வருட முடிவை 2004-ல் வெளியிட்டார்கள். ஒருவர் இழந்த பற்கள் சராசரியாக, வயதுக்குழுவைப் பொறுத்து, 0.4 முதல் 1.8 வரை. அதிலும் பெரும்பகுதி வேர் முறிந்ததால் போனவை. முதல் இரண்டு வருடம் அவர்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வருகிற ஆளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆறு மாதம் என்ற கணக்கு

"அப்போ ஆறு மாசத்துக்கு ஒருதடவை வந்திருந்தா சரியாப் போயிருக்குமா?" என்று அவர் மனைவி கேட்டார். அக்கா வருடம் தவறாமல் வருபவர். ஆமாம் என்று சொல்வது எனக்கு வசதி. ஆனால் அது முழு உண்மையில்லை.

பிரிட்டனில் 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 2,300-க்கும் மேற்பட்ட பெரியவர்களை நான்கு வருடம் கவனித்தார்கள். ஆபத்து குறைந்தவர்களில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் ஈறில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த நாட்டின் வழிகாட்டுதல் 2004-லிருந்தே பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை என்றுதான் சொல்கிறது. ஆளைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யவேண்டும். பெரிய நோய் இல்லாதவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சும்மா ஸ்கேலிங் செய்வதால் தனிப் பலன் இல்லை என்று 2018-ல் இன்னொரு ஆய்வும் வந்தது. என் தொழிலில் இருப்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்ல விரும்புவதில்லை. காரணம் ஊருக்கே தெரியும்.

ஆனால் இந்த ஆய்வுகளை வைத்து "போகவே வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டால் தப்பு. ஆபத்து குறைந்தவர் யார் என்று தெரிய முதலில் ஒருமுறை அளக்கவேண்டுமே. அக்காவுக்கு அளந்தேன்: எல்லாம் 3-க்குள், சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை. "உங்களுக்கு வருஷத்துக்கு ஒருதடவை தாராளம்" என்று சொன்னேன். அண்ணனுக்கு மூன்று மாதம். ஒரே வீடு, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே பேஸ்ட்.

இனிப்புநீரும் ஈறுநோயும் ஒன்றையொன்று கெடுக்கும். சர்க்கரை ஏறினால் ஈறு தொற்றை எதிர்க்கும் பலத்தை இழக்கும். ஈறில் அழற்சி நீடித்தால் சர்க்கரை அடங்க மறுக்கும். ஈறு சிகிச்சை செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி ஏறத்தாழ 0.4 இறங்குகிறது என்று 2022-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். இந்த நாட்டில் 2023 தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். அதில் நம்மவர்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று நான் எழுதித்தான் தெரியவேண்டுமா?

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், கேஸுக்கு வெளியேதான். அளக்கும்போது கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, வாயின் தரை எல்லாவற்றையும் பார்ப்போம். வெற்றிலை பாக்கு போடும் பாட்டிமார் உள்ள வீடுகளில் நான் அதிகம் தேடுவது வெள்ளைத் திட்டைத்தான். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே உறுதிசெய்துவிட்டது. ஒரு பல்கூட இல்லாத பாட்டியையும் அழைத்து வாருங்கள்.

செய்தது

முதல் வேலை வாய் சுத்தம். பல்குச்சியை வாங்கிக் குப்பையில் போட்டேன். சந்துகளின் அளவுக்கு ஏற்ற மூன்று இடைப்பல் பிரஷ் கொடுத்துக் கண்ணாடி முன் பழக்கினேன். சிகரெட்டை விட அரசு கிளினிக்கின் ஆலோசனைக்கு அனுப்பினேன். பிறகு பிப்ரவரி, மார்ச்சில், பகல் ஷிப்டு இல்லாத நாட்களாகப் பார்த்து, மரக்கவைத்து ஈறுக்குக் கீழே நான்கு அமர்வுகளாகச் சுத்தம் செய்தேன். வேரோடு ஒட்டியிருந்த காரை கறுப்பாக, கல்போல வந்தது. ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். 9 மில்லிமீட்டர் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டோம்.

ஜூனில் மறுபடி அளந்தோம். 27 பல், 162 இடம். 4-ம் அதற்கு மேலும் 31 இடங்கள். 6-ம் அதற்கு மேலும் 7. ஈறில் இப்போது லேசாக ரத்தம் கசிந்தது. சிகரெட்டை மூன்றாகக் குறைத்திருந்தார். அதனால் இருக்கலாம் என்று சொன்னேன், பயந்துபோனவர் சமாதானமானார். ஹெச்பிஏ1சி 7.7. ஆனால் இடையில் அவருடைய மாத்திரை அளவைக் கூட்டியிருந்தார்கள், ஆகவே அந்த இறக்கத்தில் ஈறுக்கு எவ்வளவு பங்கு என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். கரைந்த எலும்பு திரும்பவில்லை, திரும்பாது. முன்பல் சந்தும் அப்படியே இருக்கிறது. நோய் முழுக்க அடங்கும்வரை அதை மூடும் பேச்சே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எக்ஸ்ரே, நான்கு அமர்வு, பல் எடுத்தது, மறுபார்வை எல்லாம் சேர்த்து 2,640 வெள்ளி ஆயிற்று. தவணையில் கட்டினார். அரசு பல் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். காத்திருக்க நேரமுள்ளவர்கள் தயங்காமல் அங்கே போகலாம். தனியாரில் செலவழித்தவர்கள் ரசீதை எறிந்துவிட வேண்டாம். 2024 வரி ஆண்டிலிருந்து பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும், மருத்துவச் செலவுக் கழிவுக்குள், 1,000 வெள்ளி வரை கணக்குக் காட்டலாம். அவருக்கு இது தெரியவில்லை. என் கிளினிக்கிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

என் பக்கம் மாற்றியது ஒன்றுதான். கிளீனிங் என்று கேட்டு வரும் பெரியவர் யாராக இருந்தாலும், முதலில் வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, நுனியில் சிறு உருண்டை வைத்த குச்சியால் சுற்றிப் பார்த்து, பகுதிக்கு ஓர் எண் எழுதுகிறோம். 0 முதல் 4 வரை. மூன்று நான்கு நிமிட வேலை. 4 வந்தால் ஸ்கேலிங் கிடையாது, முழு அளவு எடுக்கத் தனி நேரம். எண் எழுதாத கோப்பை நர்ஸ் கவுண்டருக்கு அனுப்பமாட்டார். அவரிடமே அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டேன். பண்டிகை வாரங்களில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. "கிளீனிங்குக்கு எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி?" என்று கேட்டு எழுந்துபோனவர்களும் உண்டு.

அண்ணன் செப்டம்பரில் வந்தார். டிசம்பரில் வரவில்லை; ஃபேக்டரியில் ஓவர்டைம், இரண்டு முறை தேதி தள்ளிப்போட்டார். கடைசியில் இந்த ஜனவரியில், தைப்பூசத்துக்கு முந்தின வாரம், கூட்டத்தோடு கூட்டமாக வந்து உட்கார்ந்தார். சிகரெட் மறுபடி ஐந்தாகியிருந்தது. மகளும் கூட வந்திருந்தாள், அவளுக்கு இப்போது கிளிப் போட்டாயிற்று. நாற்காலியில் சாய்ந்ததும், "இன்னிக்கு என்ன நம்பர் டாக்டர்?" என்றார்.

செப்டம்பரில் 5 இருந்த இரண்டு இடங்கள் 6 ஆகியிருந்தன. இரண்டும் மேல் இடது கடைவாய்ப் பக்கம். அந்த இரண்டு இடத்தையும் மட்டும் மரக்கவைத்துச் சுத்தம் செய்துவிட்டு, ஏப்ரலுக்குத் தேதி எழுதிக் கொடுத்தேன். அட்டையை அவர் வாங்குமுன் மகள் வாங்கித் தன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.